முப்பதுக்கு இருபத்தெட்டு

அத்தியாயம் பதினொன்று

மூன்று பாடம். பரஸ்தூவின் வீட்டில் ஐந்து மாதமாக எல்லோர் வாயிலும் இந்த இரண்டு சொல்தான். இத்தாலியில் ஃபெராராவுக்கு அரையாண்டுப் படிப்புக்காக வந்தவள், மூன்று பாடத்திலும் தேறி மூன்றும் பதிவாகித் திரும்பினால்தான் சொந்த ஊரான யஸ்தில் அவளுடைய கல்லூரி அதை ஏற்கும். ஒன்று குறைந்தாலும் மொத்தமும் செல்லாது. தோழிகள் எல்லாம் நான்காம் ஆண்டுக்குப் போய்விட, இவள் மட்டும் மூன்றாம் ஆண்டு வகுப்பில் மறுபடி போய் உட்கார வேண்டும்.

அவளுடைய அப்பா ஹெஷ்மத் எட்டு மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு இந்த நிபந்தனையோடுதான் சரி என்றார். "ஒரு வருஷம் வீணாச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காதே" என்று விமான நிலையத்தில் கூடச் சொன்னார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். ஜலதோஷமாம்.

இரண்டு பாடம் எழுத்துத் தேர்வு. ஜனவரியிலேயே முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் பாடம். அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பேராசிரியை எதிரில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அது இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்து முடிந்தது. வெள்ளிக்கிழமை விமானம்.

பன்னிரண்டரை மணிக்கு மாமா வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினாள். பூட்டக்கூட இல்லை. மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"இருபத்தெட்டு! முப்பதுக்கு இருபத்தெட்டு!"

கதவைத் திறந்த பஹ்ராம் மாமா அவள் தலையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவள் அம்மாவுக்கு ஒரே தம்பி. இருபது வயதில் மருந்தாளர் ஆகப் படிக்க வந்து, படிப்பைப் பாதியில் விட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடை போட்டு உட்கார்ந்தவர். முப்பத்திரண்டு வருஷமாயிற்று. அவருக்கு இந்த ஊரில் பழகாதது இரண்டு. ஒன்று பனிமூட்டம். இன்னொன்றை இன்னும் கொஞ்ச நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

"லொரெதானா! கேட்டியா? என் அக்கா பொண்ணு இருபத்தெட்டு வாங்கியிருக்கா!"

சமையலறையிலிருந்து அவர் மனைவி லொரெதானா எட்டிப் பார்த்தாள். இந்த ஊர்க்காரி; நகராட்சி நூலகத்தில் வேலை. கையில் கரண்டி. அடுப்பில் பூசணிக்காய்ப் பூரணம் வைத்த மாவுருண்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. "சபாஷ்! வா, உட்காரு. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடு."

"ஐயோ, வேண்டாம். நீங்க முதல்ல உட்காருங்க."

"தினமும் இதையே சொல்றே. தினமும் ரெண்டு தட்டு சாப்பிடறே" என்று லொரெதானா சிரித்தபடி பரிமாறினாள்.

"என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே, ஒண்ணு விடாம சொல்லு" என்று மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பரஸ்தூ அதற்குத்தானே காத்திருந்தாள். பேராசிரியை ஸானெல்லா மேடம் எப்படிச் சிரிக்காமல் பார்த்தார், செங்கல் வளைவு எடையை எப்படிச் சுவருக்கு இறக்குகிறது என்று கேட்டபோது யஸ்தில் தன் வீட்டுக் கூரையையே படம் போட்டுக் காட்டியது எப்படி, பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பையன்கள் எட்டி எட்டிப் பார்த்தது எப்படி என்று கை கால் வைத்துச் சொன்னாள்.

"கடைசியில பேனாவை எடுத்தாங்க. 'இருபத்தெட்டு. ஏத்துக்கறீங்களா?'ன்னாங்க."

"நீ என்ன சொன்னே?" என்று லொரெதானா கேட்டாள்.

"நான் என்ன மரியாதை தெரியாதவளா? 'ஐயோ மேடம், அவ்வளவு எதுக்கு, அதுக்கெல்லாம் எனக்குத் தகுதி ஏது, வேண்டாம்'னேன்."

லொரெதானாவின் கரண்டி பாத்திரத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"அப்புறம்?"

"'நிச்சயமாவா?'ன்னாங்க. 'நிச்சயமா வேண்டாம் மேடம்'னேன். மூணாவது தடவை கேட்டதும் நன்றி சொல்லி வாங்கிக்கலாம்னு இருந்தேன். அவங்களுக்கு என்ன அவசரமோ, ஏதோ குறிச்சுக்கிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினால் எதையோ பார்க்க விரும்பவில்லை என்று அர்த்தம்.

"பஹ்ராம், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் லொரெதானா.

யஸ்தில் ஒரு வீட்டுக்குப் போனால் தேநீர் வேண்டுமா என்பார்கள். வந்தவர்கள் வேண்டாம் என்பார்கள். அட, குடிங்க என்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது முறை கேட்டபிறகு வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையே கையை நீட்டினால் வளர்த்த லட்சணம் இது என்று அம்மாவைத்தான் பேசுவார்கள். இந்த உபசாரத்துக்குத் தாரோஃப் என்று பெயர். பரஸ்தூ நடக்கக் கற்றுக்கொண்ட வயதிலேயே இதையும் கற்றுக்கொண்டாள். கடைக்காரரிடம் விலை கேட்டால்கூட, "உங்களுக்குப் போய் விலையா" என்றுதான் ஆரம்பிப்பார்.

"கண்ணு, இந்த ஊர்ல அது உபசாரம் இல்லம்மா. நிஜமான கேள்வி" என்றார் மாமா, தட்டைப் பார்த்துக்கொண்டே. "குடுத்த மதிப்பெண் போதலைன்னா வேண்டாம்னு சொல்லிட்டு அடுத்த தேர்வுக்கு மறுபடி வரலாம். பசங்களுக்கு அப்படி ஒரு உரிமை இருக்கு."

"அப்ப அவங்க குறிச்சுக்கிட்டது..."

"நீ வேண்டாம்னதைத்தான்."

"அடுத்த தேர்வு எப்போ?"

"ஜூன்" என்றாள் லொரெதானா.

பரஸ்தூவின் வாயில் இருந்த பூசணிக்காய் இறங்கவில்லை. ஜூன் மாதம் அவள் இங்கே இருக்கமாட்டாள். ஐந்து மாதப் பனி, ஐந்து மாத இத்தாலியன், அகராதியும் கையுமாகக் கழித்த ஐந்து மாதச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒரு மரியாதைச் சொல்லில் போய்விட்டன. அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அம்மா ஃபரங்கீஸ்; தேர்வு முடிந்த கையோடு அவளுக்குத்தான் பரஸ்தூ முதலில் சொல்லியிருந்தாள். முகம் திரை முழுக்க.

"பரஸ்தூ! பக்கத்து நாலு வீட்டுக்கும் பாதாம் பலகாரம் குடுத்தாச்சு. எதிர்வீட்டு அக்தஸ் அம்மாள் இருபத்தெட்டான்னு மூணு தடவை கேட்டா. வயித்தெரிச்சல். என்னடி, முகம் ஏன் இப்படி இருக்கு?"

மாமா போனை வாங்கிக்கொண்டார். "அக்கா, பொண்ணு களைச்சுப் போயிருக்கா. சாப்பிட்டுட்டு இருக்கா. அப்புறம் பேசுவா. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லு, உன் கால்ல விழறேன், உன் உயிருக்கு நான் பலியாகறேன், வைக்கட்டுமா?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அணைத்தார்.

"பொய்" என்றாள் லொரெதானா.

"பொய் இல்ல. களைச்சுத்தானே இருக்கா."

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நான் போய்ப் பேசறேன். வழியில நல்ல பேக்கரியில ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கறேன். 'அம்மா, உங்க நேரத்தை வீணாக்க வந்தோம், மன்னிக்கணும், சின்னப் பொண்ணு, எங்க ஊர்ப் பழக்கம்'னு..."

"நீ போனா இருபத்தெட்டும் போகும், பொண்ணும் போவா" என்று லொரெதானா கோட்டின் காலரைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஸானெல்லாவை எனக்குத் தெரியும். நூலகத்துக்கு வருவா. சுத்தி வளைச்சுப் பேசினா காதே கேட்காது அவளுக்கு. இவளே போகட்டும். ஒரே ஒரு வாக்கியம். 'எனக்கு அது வேணும்.'"

"அப்படி எப்படிச் சொல்றது?" என்றாள் பரஸ்தூ. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. வேணும் என்று கேட்பது அவள் வீட்டில் குழந்தைகள் செய்வது. அதுவும் ஐந்து வயது வரைக்கும்தான்.

லொரெதானா பழக்கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டினாள். "வேணுமா?"

"வேண்டாம், நீங்க சாப்பிடுங்க."

"தப்பு. வேணுமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"தப்பு! பஹ்ராம், நீ சொல்லிக் காட்டு. ஆரஞ்சு வேணுமா?"

மாமா ஆரஞ்சைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "பாதி போதும்" என்றார்.

லொரெதானா தலையில் அடித்துக்கொண்டாள். "முப்பது வருஷம்! இந்த மனுஷன் கடையில மூக்குக்கண்ணாடி வாங்கப் போனேன். எவ்வளவுன்னு கேட்டா, 'உங்களுக்குப் போய் விலையா'ங்கறான். சரி, பாவம், நல்ல மனுஷன்னு நன்றி சொல்லிட்டுப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். அப்புறம்தான் உறுத்திச்சு. மறுநாள் போனா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். கேட்கவும் மாட்டேங்கறான்."

"அதனாலதானே நீ எனக்குக் கிடைச்சே" என்றார் மாமா.

"அதனாலதான் உனக்குக் கல்யாணம் ஆக நாலு வருஷம் ஆச்சு. நான்தானே கேட்க வேண்டியிருந்தது."

பரஸ்தூ சிரித்துவிட்டாள். சிரித்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஆரஞ்சுப் பாடத்தில் அவள் தேறவே இல்லை. ஏழு முறை கேட்டும் ஏழு விதமாக வேண்டாம் என்றாள்.

ஐந்து பத்து ரயிலில் ஸானெல்லா பொலோன்யாவுக்குப் போய்விடுவார். போவதற்கு முன் இன்றைய தேர்வுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு மூடிவிடுவார். அதன் பிறகு யார் கேட்டும் பயனில்லை. இதையெல்லாம் லொரெதானா நூலகத்துத் தோழிக்குப் போன் போட்டு விசாரித்துச் சொன்னாள். மணி மூன்றே முக்கால்.

வெளியே பனி இறங்கியிருந்தது. எதிரில் வருகிற சைக்கிளின் விளக்கு மட்டும் தெரிந்தது, ஆளைக் காணவில்லை. கோட்டை அகழியைச் சுற்றிக்கொண்டு, மணியை அடித்தபடி மெதுவாகத்தான் போக முடிந்தது. எனக்கு அது வேணும், எனக்கு அது வேணும் என்று மிதிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே போனாள். பத்து மிதி சரியாக வரும். பதினோராவதில், மன்னிக்கணும் மேடம் என்று தானாக ஆரம்பித்துவிடும்.

ஸானெல்லாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது. பேராசிரியை கணினி முன்னால் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைப்பை தயாராக இருந்தது.

"காலையில வேண்டாம்னு சொன்ன பொண்ணுதானே?"

"மேடம், மன்னிக்கணும், உங்க பொன்னான நேரத்தை... எங்க ஊர்ல ஒரு பழக்கம், நாங்க மூணு தடவை..."

"பழக்கம் எல்லாம் எனக்கு எதுக்கு? எனக்கு ரயில் இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்?"

கேள்வி நேராக வந்தது. பரஸ்தூவின் காது சூடாகிவிட்டது. அம்மா, அக்தஸ் அம்மாள், அத்தைகள், வகுப்புத் தோழிகள் எல்லோரும் அந்த அறையில் வரிசையாக நின்று இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்ப்பதுபோல் இருந்தது. சொன்னால் பிச்சை கேட்பது போல. சொல்லாவிட்டால் ஒரு வருஷம்.

"அந்த இருபத்தெட்டு எனக்கு வேணும்" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "அது என்னுடையது. நான் படிச்சு வாங்கினது."

ஸானெல்லா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே. எனக்கு அதிசயமா இருந்தது. வெளியூர்ப் பசங்க வெறும் பாஸ் மார்க் பதினெட்டையே ரெண்டு கையாலயும் வாங்கிக்குவாங்க. இந்தப் பொண்ணுக்கு இருபத்தெட்டு பத்தலையான்னு நினைச்சேன். திமிர்னு நினைச்சேன்னே வச்சுக்கோங்க."

"திமிர் இல்லை மேடம்."

"மறுத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் குடுக்க எனக்கு வழி இல்லை. ஆனா பட்டியல் இன்னும் மூடலை. கடைசி ஆளா உட்கார வச்சு மறுபடி ஒரு கேள்வி கேட்கலாம். என்ன வருதோ அதுதான். குறைஞ்சாலும் அதுதான். தோத்தா, தோத்ததுன்னே பதிவாகும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். ஒரே தடவை.

கேள்வி வந்தது. இந்தப் பக்கம் முன்பு வந்த நிலநடுக்கத்தில் பழைய செங்கல் சுவர்கள் பல நின்றன. சிமெண்டு வைத்துப் பழுது பார்த்த இடங்கள் சில விரிசல் விட்டன. ஏன்?

பரஸ்தூ ஆரம்பத்தில் தடுமாறினாள். இத்தாலியன் சொல் ஒன்று நாக்கில் வராமல் மூன்று தடவை முழுங்கினாள். பிறகு கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சிமெண்டு கொடுக்காது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு உள்ளேயே அடைத்து வைக்கும். உப்பு பூத்துச் செங்கல் உளுத்துப்போகும். எங்கள் ஊரில் களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசுவார்கள், சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும், அதைத் தொந்தரவு என்று நினைத்துச் சிமெண்டு பூசியவர்கள் வீட்டில்தான் சுவர் முதலில் விழுந்தது என்றாள். எந்த உப்பு, எப்படி என்று ஸானெல்லா குடைந்தபோது, "தெரியாது" என்று ஒப்புக்கொண்டாள்.

"இருபத்தாறு" என்றார் ஸானெல்லா. "ஏத்து..."

"ஏத்துக்கறேன்!"

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. விசைப்பலகையில் இரண்டு தட்டு தட்டினார். அவ்வளவுதான், மூன்றாவது பாடமும் முடிந்தது. பரஸ்தூ நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். சந்தோஷம் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது.

ஸானெல்லா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுந்தார். "இன்னொண்ணு. அக்டோபர்ல இருந்து செங்கல் பட்டறையில ஒரு வருஷ வேலைப் பயிற்சி. ரெண்டு பேரை நான்தான் தேர்ந்தெடுக்கணும். காலையில உங்க பேரை எழுதி வச்சிருந்தேன். வேண்டாம்னதும் அடிச்சுட்டேன். மறுபடி எழுதட்டுமா? வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

சொல்லிவிட்டாள். நான்காம் ஆண்டுப் படிப்பு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. அப்பாவைக் கேட்கணும் என்றுகூடத் தோன்றவில்லை. நேற்று வரை இல்லாத ஒரு வாய் தனக்கு முளைத்துவிட்டது போல் அவளுக்கே பயமாக இருந்தது.

பல்கலைக்கழக வளைவுக்கு வெளியே வந்து சைக்கிளில் சாய்ந்துகொண்டாள். முதலில் மாமாவைக் கூப்பிட்டாள். "இருபத்தாறு" என்றதும் அவர் அழுதுவிட்டார். பின்னாலிருந்து லொரெதானா, "என்ன சொல்லிக் கேட்டாள்னு கேளு!" என்று கத்துவது கேட்டது.

அடுத்து வீடு. போனை எடுத்தது அம்மா இல்லை, அப்பா.

"அம்மா எங்கப்பா?"

"அக்தஸ் வீட்டுக்குப் போயிருக்கா. உன் படத்தைக் காட்ட."

"அப்பா, இருபத்தெட்டு இல்லை. இருபத்தாறு. மத்தியானம் ஒரு குழப்பம் ஆச்சு. இப்ப சரியாயிடுச்சு. பதிவாயிடுச்சு. மூணு பாடமும் முடிஞ்சுது."

"இருபத்தாறும் நல்ல மதிப்பெண்தான். உங்கம்மாகிட்ட சொல்லாதே. தெரு முழுக்க இருபத்தெட்டுன்னு சொல்லியாச்சு, அது அப்படியே இருக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்து வெகு நாளாயிற்று. அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"அக்டோபர்ல இருந்து ஒரு வருஷம் இங்க வந்து பட்டறையில பழகணும்னு அந்த மேடம் கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்னே?"

"வேணும்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அப்பா அணைத்திருக்க வேண்டும்.

"நல்லதும்மா" என்றார். "போ. எங்களைப் பத்தி நினைக்காதே. உன் இஷ்டம் எதுவோ அதைச் செய். எங்களுக்கு என்ன, ரெண்டு கிழங்க, எப்படியோ இருந்துட்டுப் போறோம்."

நேற்றாக இருந்தால் பரஸ்தூவுக்கு இதற்கு உடனே பதில் தெரிந்திருக்கும். ஐயோ, உங்களை விட்டு எப்படிப்பா என்பாள். போம்மா என்பார். மாட்டேன் என்பாள். அப்படியே மூன்று முறை சுற்றி, யார் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே பேச்சு முடிந்திருக்கும். தாகம் எடுத்தால்கூட, "உங்களுக்கெல்லாம் தாகமா இருக்குமே" என்று சொல்கிற மனிதர் அவர்.

"அப்பா" என்றாள். "இது உபசாரமா, நிஜமா?"

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் கேட்டிராத கேள்வி அது. கேட்ட பிறகுதான் எவ்வளவு மரியாதை இல்லாத கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. திரும்ப வாங்க முடியாது.



"நிஜம் கேட்கறியா?" என்றார் ஹெஷ்மத். குரல் கம்மியிருந்தது. இந்த முறை ஜலதோஷம் என்று அவர் சொல்லவில்லை. "போகாதேம்மா. உன் ரூம் கதவை நான் மூடவே இல்லை. ராத்திரி அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் எட்டிப் பாக்கறேன். எனக்கு என் பொண்ணு வீட்டுல வேணும்."

இருபத்தோரு வருஷத்தில் அப்பா தனக்கென்று ஒன்றைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. அவள்தான் கேட்க வைத்தாள். சரிப்பா, வரேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் அது உபசாரம் என்று அவளுக்குத் தெரிந்தது. மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை.

பனியில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போயின. அவள் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அப்பாவும் போனை வைக்கவில்லை.